ஒப்பந்தம் போட்டால் பசி குறையுமா? காங்கேயம் களத்திலிருந்து ஒரு பதில்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பையன் ஒருவர், கோவையில் பொருளாதாரம் படிக்கிறவர், என்னிடம் கேட்ட கேள்வி இது: "பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து வரியைக் குறைத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் உணவுப் பொருள் மலிவாகும், வளரும் நாடுகளில் பசி குறையும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், அந்த ஒப்பந்தத்தால்தான் நம்ம பிழைப்பே போச்சு என்கிறார் எங்கப்பா. யார் சொல்வது சரிங்க?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பேரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நான் முப்பது வருஷமாகக் காங்கேயத்தில் கொப்பரைத் தரகு பார்க்கிறேன். வரி அறிவிப்புகளைத் தேடிப் படிப்பது என் தொழிலில் பாதி வேலை. அதனால் எண்ணெயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதில்தான் எனக்கு உள்ளும் புறமும் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். உணவுப் பாதுகாப்பு என்றால் கிடங்கில் மூட்டை இருப்பது மட்டும் இல்லை. 1996-ல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில், எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதுமான சத்தான உணவு எட்டும் தூரத்திலும் வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் நாலு கேள்வி. கடையில் சாமான் இருக்கிறதா? வாங்கக் கையில் காசு இருக்கிறதா? சாப்பிடுவது உடம்பில் ஒட்டுகிறதா? இந்த மூன்றும் அடுத்த வருஷமும் இருக்குமா? உங்கள் வகுப்பில் முதல் கேள்விக்கும், இரண்டாவதில் பாதிக்கும் பதில் சொல்கிறார்கள். உங்கள் அப்பா இரண்டாவதின் மறுபாதியைச் சொல்கிறார், அதாவது கையில் காசு எங்கிருந்து வருகிறது என்பதை. நாலாவது கேள்வியை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

சரி, களத்துக்கு வருவோம். காலை ஏழு மணிக்கெல்லாம் தேங்காய் லாரி வந்துவிடும். மட்டை உரித்து, இரண்டாக உடைத்து, சிமென்ட் களத்தில் வாய் மேலே பார்க்கப் பரப்புவார்கள். ஓரிரு நாள் வெயிலில் பருப்பு சுருங்கித் தொட்டியை, அதாவது சிரட்டையை, விட்டு நெகிழும். பெயர்த்தெடுத்து மறுபடி காயப்போட்டால், வெயிலைப் பொறுத்து ஒரு வாரத்துக்குள் கொப்பரை. அப்புறம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாம் தனித்தனிக் குவியல். எட்டு மணி ஆனதும் நாங்கள் நாலு பேர் செல்போனைப் பார்ப்போம். கோலாலம்பூரில் பாமாயில் முன்பேரச் சந்தை, அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை, திறக்கும் நேரம் அது. அவர்களுக்குப் பத்தரை, நமக்கு எட்டு. அங்கே விலை இறங்கினால், ஒன்றிரண்டு நாளில் மில்காரர் போன் பேசும் குரலே மாறிவிடும். காங்கேயம் களத்துக் கொப்பரைக்கு மலேசியாவில் என்ன வேலை என்று நான் தொழிலுக்கு வந்த புதிதில் கேட்டேன். இப்போது யாரும் கேட்பதில்லை. வீட்டில் தாளிக்கிற எண்ணெய் ஒன்றுக்கொன்று மாற்று. ஒன்று மலிந்தால் மற்றதை வாங்குவது குறையும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று தனித்தனியாக இருந்த சந்தைகளை ஒரே கயிற்றில் கட்டியது பாமாயில்தான்.

அந்தக் கயிறு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தின் மேல் எந்தப் பழியைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது இதில்தான் தெரியும்.

1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. விதை, கொள்முதல், விலைத் தாங்கல் எல்லாம் சேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் மிகச் சிறிய பங்கைத்தான் இறக்குமதி செய்தோம். 1994-ல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று 65 சதவீத வரியோடு திறந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் அந்த வரியும் படிப்படியாக இறங்கியது. மலேசியா, இந்தோனேசியா முதலான தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புதான் ஆசியான். அப்போது ஆசியான் ஒப்பந்தம் என்ற பேச்சே கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசியான் நாடுகளுடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பாமாயில், காபி, தேயிலை, மிளகு இவற்றைச் சிறப்புப் பொருள் என்று தனியாக வைத்தார்கள். வரியைப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை. 2019 முடிவதற்குள் கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம், சுத்திகரித்ததற்கு 45 சதவீதம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். அதற்கு மேல் போகக்கூடாது என்பதுதான் நிபந்தனை. அதாவது ஒப்பந்தம் கட்டியது ஒரு கூரை. கூரைக்குக் கீழே எவ்வளவு குனிவது என்பது நம் இஷ்டம். நாம் எவ்வளவு குனிந்தோம்? ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, 2008 ஏப்ரலில், விலைவாசிக்குப் பயந்து கச்சா பாமாயில் வரியை நாமே பூஜ்யமாக்கினோம். கூரை தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்க, பல வருஷம் தரையில் படுத்துக் கிடந்தோம். தோப்புக்காரர்கள் "ஆசியான் ஒப்பந்தம் எங்களைக் கொன்றது" என்று சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வலி உண்மை. பழி மட்டும் முகவரி மாறிப் போகிறது.

அப்படியானால் ஒப்பந்தத்தால் எந்தப் பாதிப்பும் இல்லையா? இருக்கிறது. 2018 மார்ச்சில் விவசாயிகளுக்காக வரியைக் கச்சாவுக்கு 44, சுத்திகரித்ததற்கு 54 சதவீதம் என்று ஏற்றினார்கள். 2019 பிறந்ததும் ஒப்பந்தப்படி இறக்க வேண்டி வந்தது. மலேசியாவோடு நமக்குத் தனியாக இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது, 2011-லிருந்து. அதன் கணக்கில் மலேசியாவின் சுத்திகரித்த பாமாயிலுக்கு 45 சதவீதம், மற்ற நாட்டினதுக்கு 50 என்று ஆனது. வெறும் ஐந்து சதவீத வித்தியாசம். அந்த ஐந்து போதுமானதாக இருந்தது. மலேசியச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து எண்ணெய் வெள்ளமாக வந்தது, இங்கே இருந்த சுத்திகரிப்பு ஆலைகள் ஓட்டம் குறைந்தன. செப்டம்பரில் அரசு 180 நாளைக்கு ஐந்து சதவீதப் பாதுகாப்பு வரி போட்டு அந்த இடைவெளியை அடைத்தது. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு கதவு வைத்திருந்ததால் முடிந்தது. வகுப்பில் "பாதுகாப்பு நடவடிக்கைப் பிரிவு" என்று ஒரு வரியில் கடந்துபோவார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆலைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இனி மறுபக்கம். எங்கள் களத்தில் கொப்பரை தரம் பிரிக்கும் ஒரு அக்கா இருக்கிறார். சொந்த நிலம் கிடையாது. கூலிதான். அவர் வீட்டுச் சமையல் பெரும்பாலும் ரேஷன் பாமாயிலில். லிட்டர் 25 ரூபாய். மாதம் ஒரு பாக்கெட். நாள் முழுக்கத் தேங்காய் எண்ணெய்க்கான பருப்பைக் கையால் அளைந்துவிட்டுப் போகிறவர், வீட்டில் அந்த எண்ணெயை வாங்கிச் சமைக்க முடியாது. அவரிடம் போய் "பாமாயிலை நிறுத்த வேண்டும்" என்று நான் எந்த வாயால் சொல்வது? இறக்குமதி எண்ணெய் மலிவாக வருவது அவருக்கு நேரடி உதவி. உங்கள் ஆசிரியர் சொல்வது இதைத்தான். அதை மறுக்கவே முடியாது.

ஆனால் அதே அக்காவின் கூலி கொப்பரையில் இருக்கிறது. 2023-லும் 2024-ன் பெரும்பகுதியிலும் கொப்பரை விலை அடிமட்டத்தில் கிடந்தது. அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் ஆதார விலை 2023-ல் குவிண்டால் 10,860 ரூபாய். வெளிச்சந்தையில் அது கிடைக்கவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் அரசுக் கொள்முதலுக்கு மூட்டையோடு வரிசை நின்றது. "கட்டுபடியாகலைங்க" என்பது தவிர வேறு பேச்சு இல்லை. சில களங்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடின. அந்த வாரங்களில் அக்கா வீட்டுக்குப் போன பணம் பாதி. பாமாயில் பாக்கெட்டில் மாதம் எழுபது எண்பது ரூபாய் மிச்சமாகிறது, மூன்று நாள் கூலி போகிறது. வளரும் நாடுகளில் உணவை வாங்குகிறவரும் உணவால் பிழைக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். விலை இறங்கினால் நுகர்வோருக்கு லாபம், உற்பத்தியாளருக்கு நட்டம் என்று இரண்டு கட்டம் போட்டுக் கணக்கெழுதினால் அந்த அக்காவை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? என்னைக் கேட்டால், ஓர் ஒப்பந்தம் உணவுப் பாதுகாப்புக்கு நல்லதா என்பதை அவர் வீட்டு மாதக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாலாவது கேள்விக்கு வருகிறேன்: அடுத்த வருஷமும் இருக்குமா?

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர். சூரியகாந்தி எண்ணெய் வரத்து அடைபட்டது. ஏப்ரல் 28 அன்று, உலகிலேயே அதிகமாகப் பாமாயில் விளைவிக்கும் இந்தோனேசியா, தன் மக்களுக்கே எண்ணெய் விலை ஏறிவிட்டதென்று ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை நீடித்தது. மூன்று வாரம் சொச்சம்தான். ஆனால் நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் கப்பலில் வருகிறது. அந்த வாரங்களில் மளிகைக் கடையில் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. இந்தோனேசியா ஆசியான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு. அந்தக் கையெழுத்து எங்கே போனது?

எங்கும் போகவில்லை. உலக வணிக விதிகளிலேயே, சொந்த நாட்டில் உணவுத் தட்டுப்பாடு என்றால் ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ள இடம் இருக்கிறது. வட்டார ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. இறக்குமதிக் கதவு எத்தனை அங்குலம் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் அட்டவணை போட்டு, பத்து வருஷத்துக்கு ஆண்டுவாரியாகக் கணக்கெழுதுகிறார்கள். ஏற்றுமதிக் கதவை எப்போது சாத்தலாம் என்பதற்கு அந்த அளவு கறார் கிடையாது. வாங்குகிற நாடு தன் விவசாயத்தைச் சுருக்கிக்கொள்கிறது, விற்கிற நாடு எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். இந்த ஒப்பந்தங்களைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். வரி விகிதத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

இதில் நம் கையும் சுத்தமில்லை. 2007-08-ல் நாம் அரிசி ஏற்றுமதியை அடைத்தோம். வியட்நாமும் அடைத்தது. தாய்லாந்து அரிசி டன் ஆயிரம் டாலர் வரை போனது. அரிசியை வெளியே வாங்கிச் சாப்பிடும் பிலிப்பைன்ஸ் அகப்பட்ட விலைக்கு வாங்க வேண்டிவந்தது. 2023 ஜூலை 20 அன்று மறுபடி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தினோம். 2024 செப்டம்பர் கடைசியில்தான் திறந்தோம். உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. நாம் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஏழை வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

உளுந்தில் நடந்தது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நம் இட்லி மாவில் அரைபடுகிற உளுந்தில் கணிசமான பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. மளிகை மண்டியில் "பர்மா உளுந்து" என்றே விலை சொல்வார்கள். மியான்மர் விவசாயிகள் உளுந்தை முக்கியமாக நமக்காகவே பயிரிடுகிறார்கள். அவர்கள் சமையலில் அதற்குப் பெரிய இடம் இல்லை. 2015-16-ல் இங்கே பருப்பு விலை உச்சத்துக்குப் போனபோது, எவ்வளவு வந்தாலும் வாங்கினோம். அவர்களும் அதை நம்பி விதைத்தார்கள். அடுத்த வருஷம் நம்மிடம் அமோக விளைச்சல். 2017 ஆகஸ்டில், உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்து வருஷத்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது, துவரை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டோம். நம் விவசாயிக்கு அது தேவைப்பட்டது, தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மியான்மரில் உளுந்து விலை ஒரே அடியில் சரிந்தது. கடன் வாங்கி விதைத்தவன் அங்கேயும் நம்மைப் போலத்தானே இருப்பான்? 2021-ல்தான் இரண்டு அரசும் உட்கார்ந்து, ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. வரிக் குறைப்பைவிட இந்த மாதிரி அளவும் ஆண்டும் சொல்லிப் போடும் ஏற்பாடு இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்பது என் எண்ணம். அவன் நம்பி விதைக்கலாம், நாம் நம்பி மாவு அரைக்கலாம்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் எல்லோரும் மெக்சிகோவைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த வட அமெரிக்க ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் சபடிஸ்டா விவசாயிகள் ஆயுதத்தோடு எழுந்தார்கள். மக்காச்சோளம் அந்த நாட்டின் உயிர். நமக்கு அரிசி எப்படியோ அப்படி. அதற்கு ஒப்பந்தத்தில் பதினைந்து வருஷ அவகாசம் கொடுத்திருந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால் கடுமையான வரி போடலாம், 2008 வரை. விவசாயி தயாராக அந்த அவகாசம். நடந்தது என்ன? அளவைத் தாண்டி வந்த சோளத்துக்கும் மெக்சிகோ அரசு அந்த வரியை வசூலிக்கவில்லை. உணவு மலிவாகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் குவிந்தது, மெக்சிகோ விவசாயிக்குக் கிடைத்த விலை பெரிதாக விழுந்தது. ஆனால் அதில் சுடும் ரொட்டியான டார்டியாவின் விலை விழவில்லை. இடையில் இருந்த பெரிய மாவு ஆலைகளும், விலக்கப்பட்ட விலைக் கட்டுப்பாடும் அதற்குக் காரணம். அப்புறம் அமெரிக்காவில் சோளம் எத்தனால் ஆலைக்குத் திரும்ப, 2007 ஜனவரியில் டார்டியா விலை ஏறி, மெக்சிகோ நகரத் தெருக்களில் ஜனம் திரண்டது. நம் பாமாயில் கதையோடு ஒட்டிப் பாருங்கள். ஒப்பந்தம் கூரையும் அவகாசமும் கொடுத்தது. அரசு இரண்டையும் பயன்படுத்தவில்லை. எனக்கு அதைப் படித்தபோது நம்மூர்க் கதையை வேறு மொழியில் படித்த மாதிரி இருந்தது.

பிறப்பிட விதி என்று ஒன்று உண்டு. பொருள் நிஜமாக எந்த நாட்டில் விளைந்தது என்பதைப் பார்க்கும் விதி. இது தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையோடு நாம் போட்ட ஒப்பந்தம் சாட்சி. 2000 மார்ச்சிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. சில வருஷத்தில் இலங்கையிலிருந்து வனஸ்பதி வரியில்லாமல் கொட்டியது. மூலப்பொருள் அங்கே இறக்குமதியான பாமாயில். நாம் பாமாயிலுக்கு வரி போட்டிருக்க, அது பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து வனஸ்பதியாகி நம் கொல்லைப்புறமாக வந்தது. மிளகிலும் அதே புகார், வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக வருகிறதென்று. கொல்லிமலையில் மிளகு வைத்திருக்கும் ஆள் யாரையாவது கேளுங்கள், அந்த வருஷங்களை மறந்திருக்க மாட்டார். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி கூடாது என்று அரசு அறிவித்தது.

இவ்வளவு சொன்னதால் ஒப்பந்தமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசியைக் குறைப்பதில் பக்கத்து நாட்டு வணிகத்துக்கு உள்ள சக்தி பெரிது. பவானிசாகர் நிரம்பாத வருஷம் கீழ்பவானிப் பாசனத்தில் நெல் இருக்காது. ஆனாலும் காங்கேயம், வெள்ளகோவில் அரிசி ஆலைகள் ஓடும். கர்நாடகாவிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் நெல் லாரி வரும். நடுவில் வரி இல்லை, கதவு இல்லை. ஈரோட்டுக்காரர் பட்டினி கிடப்பதில்லை. எல்லா ஊரிலும் ஒரே வருஷம் மழை பொய்ப்பதில்லை என்ற ஒரே காரணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலும் தான்சானியாவிலும் விளையும் மக்காச்சோளம் கென்யாவுக்குப் போவது இதே கணக்குத்தான். அங்கே சுங்க ஒன்றியமே இருக்கிறது, 2005-லிருந்து. இருந்தும் 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி கென்யா அந்த இரண்டு நாட்டுச் சோளத்தையும் தடுத்தது. சில நாளில் தளர்த்தியது. நச்சு நிஜமான பிரச்சினைதான். நிலக்கடலை வியாபாரம் பார்த்தவனுக்கு அது தெரியும். ஆனால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சோதனைக்கூடம், ஒரே அளவுகோல், ஒருவர் சான்றை மற்றவர் ஏற்பது என்று முன்பே ஏற்பாடு இருந்தால், லாரி எல்லையில் நிற்க வேண்டியதில்லை. ஏழை நாடுகளுக்குள் உணவு நகர்வதைத் தடுப்பதில் வரியைவிட இந்த மாதிரி விஷயங்கள் பெரியவை. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் போட்டு, 2021-ல் வணிகம் தொடங்கிய பெரிய ஒப்பந்தத்துக்கும் நிஜமான சோதனை இங்கேதான்.

வட்டார ஒத்துழைப்பில் தானியக் கிடங்கும் சேர்த்தி. ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், கொரியாவும் சேர்ந்து அவசரகால அரிசி இருப்பு ஒன்று வைத்திருக்கின்றன, 7,87,000 டன் ஒதுக்கீடு. புயல் அடித்த நாடுகளுக்கு அதிலிருந்து அரிசி போயிருக்கிறது. தெற்காசிய நாடுகளான நம் சார்க் அமைப்பும் 2007-ல் உணவு வங்கி ஒப்பந்தம் போட்டது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அவசரத்துக்கு அதைத் திறந்து பயன்படுத்தும் வழக்கம்தான் உருவாகவில்லை. அண்டை வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதபோது கூட்டுக் குதிர் கட்டி என்ன செய்வது?

பால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், நியூசிலாந்து போன்றவையும் சேர்ந்து பேசிவந்த ஆர்செப் என்ற பெரிய ஒப்பந்தத்திலிருந்து 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியது. மற்ற 15 நாடுகள் அடுத்த வருஷம் கையெழுத்திட்டன. விலகியதற்குப் பல காரணம் இருந்தாலும், பால் பெரிய காரணம். நியூசிலாந்தில் கறக்கும் பாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. அது பால் பவுடராக மலிவு விலையில் வந்து இறங்கினால், இங்கே இரண்டு மாடு வைத்திருக்கும் வீடு தாங்காது. தென்னையும் மஞ்சளும் வருஷத்துக்கு ஒரு முறையோ சில முறையோ காசு தரும். பால் வாராவாரம் தரும். கொங்கு நாட்டில் மழை தப்பிய வருஷம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியது பால் காசு, அதுவும் பெரும்பாலும் பெண்கள் கையில் வரும் காசு. விலகியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே நின்றுவிட்டதாலேயே பால்காரர் பிழைத்துவிடவில்லை. தீவன விலை ஏற ஏற, கொள்முதல் விலைக்காக அவர்கள் ரோட்டில் பாலைக் கொட்டுவதை அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. புது ஒப்பந்தங்களில் வரியோடு சேர்த்து விதை உரிமை நிபந்தனைகளும் வருகின்றன, விவசாயி விதை எடுத்து வைத்துப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுப்பதைச் சுருக்கும் நிபந்தனைகள். நம் 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் அந்த உரிமையை விவசாயிக்கு விட்டுவைத்திருக்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 2010-லிருந்து 2019 வரை ஒப்பந்தம் நமக்குப் பத்து வருஷம் கொடுத்தது. அந்தப் பத்து வருஷத்தில் தென்னைக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ரேஷனில் பாமாயிலோடு தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ கொடுங்கள் என்று பொள்ளாச்சியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் எத்தனை தரம் மனுக் கொடுத்திருக்கிறோம்! அந்தக் கோரிக்கையைத் தடுத்தது எந்த ஒப்பந்தமும் இல்லை. 2016-க்குப் பிறகு வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்தது, கேரள வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளைத் தின்றது. விலையும் இல்லாமல் நோயும் வந்தால் யார் மருந்தடிப்பார்கள், யார் புதுக் கன்று வைப்பார்கள்? எங்கள் பக்கத்திலேயே மரம் சாய்த்து மனை போட்ட தோப்புகள் பல உண்டு.

அதன் பலன் 2025-ல் தெரிந்தது. தேங்காய் வரத்து சுருங்கி, ஆதார விலை 11,582 ரூபாயாக இருக்க, சந்தையில் கொப்பரை இருபதாயிரத்தைத் தாண்டியது. விலை வந்தபோது விற்கக் காய் இல்லை. எங்கள் களத்தில் லாரி வருவது பாதியாகக் குறைந்தது. விலை விழுந்த வருஷம் வேலை இழந்த அதே அக்கா, விலை ஏறிய வருஷமும் வேலை இழந்தார். மே மாதக் கடைசியில் கச்சா பாமாயிலின் அடிப்படை வரியை 20-லிருந்து 10 ஆக்கினார்கள். வாங்குகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல். கன்று வைத்து ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டிய தோப்புக்காரர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு என்ன முடிவெடுப்பார்? 2024 செப்டம்பரில்தான் அந்த வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 ஆக்கியிருந்தார்கள். ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை.

ஆகவே அடுத்த ஒப்பந்தம் பற்றிச் செய்தி வரும்போது, எத்தனை சதவீதம் வரி என்பதோடு நிறுத்தாமல் இதையெல்லாம் தேடுங்கள்: பிறப்பிட விதி எவ்வளவு இறுக்கம், வெள்ளமாக வந்தால் அடைக்கப் பாதுகாப்பு வரிக்கு இடம் இருக்கிறதா, விற்கிற நாடு கதவைச் சாத்தும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அவகாசமாகக் கிடைக்கும் வருஷங்களில் எந்தப் பயிருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்காது, பட்ஜெட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கட்டுரை எழுதுவதற்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு முன் ஒருநாள் காலையில் காங்கேயம் வாங்க. எட்டு மணிக்கு முன்னாடியே வந்துவிடுங்கள். மலேசியா விலை திறப்பதையும், மில்காரர் போன் வருவதையும், அன்றைக்கு எத்தனை பேருக்கு வேலை என்று மேஸ்திரி சொல்வதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.